கவ்வாத்துக் கத்தியின் முதுகளவு

எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் நேர்ப்பாதை என்று ஒன்று கிடையாது. மேக்கணக்கு என்று நாங்கள் சொல்லும் தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்குவதற்குள் முப்பத்தொரு வளைவு. சந்தேகம் இருப்பவர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், நான் தினமும் எண்ணுகிறவள். வளைவில் மட்டும் சத்தம் போடுகிற வண்டியை வைத்துக்கொண்டு இங்கே ஒருத்தி நிம்மதியாக இருக்க முடியாது.

அந்த வியாழக்கிழமை காலையில் என் வேன் சத்தம் போட ஆரம்பித்தது. வலப்பக்கம் ஒடித்தால் டிக் டிக் டிக். இடப்பக்கம் ஒடித்தால் மௌனம். பின்சீட்டில் இருந்த சின்னப் பிள்ளைகள் அதற்குக் கைதட்டித் தாளம் போட்டார்கள். நான் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியே காதைக் கொடுத்தேன்.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். ஒன்பது வருஷம் கொழுந்து பறித்தேன், பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பிடித்த நாளிலிருந்து, வேனுக்கு ஏதாவது ஒன்று என்றால் எல்லோரும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் வேனைப் பார்க்கிறார்கள். ஆம்பளை ஓட்டும் வண்டி பழுதானால் அது வண்டியின் குற்றம். நான் ஓட்டும் வண்டி பழுதானால் அது என் குற்றம். இதில் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில்தான் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுக்கவும் கற்றுக்கொண்டேன்.

சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. முன் சக்கரத்துக்கு ஓட்டம் கொடுக்கிற இடப்பக்க எக்ஸல். அதன் நுனியை மூடியிருந்த ரப்பர் கிழிந்து, உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ் முழுவதும் சக்கரத்தின் பின்பக்கம் தெளித்துக் கிடந்தது. இதே வண்டிக்கான பாவித்த எக்ஸல் ஒன்று என்னிடம் இருந்தது. சாமான் கிடைக்காமல் எல்லோரும் அலைந்த காலத்தில், கண்ணில் பட்டதை விடக்கூடாது என்று வாங்கி, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தேன். பழையதை எடுத்துவிட்டு அதை மாட்டினால் வேலை முடிந்தது.

நடுவில் ஒரே ஒரு தடை. எக்ஸலை வெளியே இழுக்க வேண்டுமானால் சக்கரத்தைத் தாங்கும் இரும்பை, அதற்குக் கீழே குறுக்காக வரும் கையிலிருந்து பிரிக்க வேண்டும். அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் பால் ஜொயின்ட். கீழே முழங்கால் சில்லு மாதிரி ஒரு குண்டு, அதைச் சுற்றி ஒரு ரப்பர் உறை, அதிலிருந்து மேலே எழும் கூம்பு ஆணி. அந்த ஆணி சக்கர இரும்பின் துளைக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும், தலையில் ஒரு நட்டு. நட்டைக் கழற்றினால் தானாக விழுந்துவிடும் என்று நினைப்பவர்கள் எங்கள் ரோட்டில் ஒரு மழைக்காலம் வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். சேறும் துருவும் சேர்ந்து, பிறக்கும்போதே ஒன்றாகப் பிறந்ததுபோல் ஆகிவிடும்.

இதைப் பிரிக்க எங்கள் பக்கத்துக் கராஜ்களில் ஒரே ஒரு வழிதான். கவட்டை. இரண்டு பல் உள்ள ஆப்பு மாதிரி ஒரு இரும்பு. அதை ரப்பருக்கும் சக்கர இரும்புக்கும் நடுவில் வைத்து, பின்னாலிருந்து சம்மட்டியால் அடிப்பார்கள். ஜொயின்ட் கழன்று வரும், ரப்பரும் கிழிந்து வரும். தேய்ந்த ஜொயின்டைத் தூக்கி எறியப் போகிறோம் என்றால் அதனால் நஷ்டமில்லை. நல்ல ஜொயின்டைக் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும் என்றால் கவட்டையைப் போல ஒரு எதிரி கிடையாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வருஷம் பட்டேன்.

போன வருஷம் வேறு ஒரு வேலைக்காக வண்டியைக் கராஜில் விட்டபோது, பாஸ் கவட்டை போட்டுக் கழற்றி, கிழிந்த ரப்பரோடு அதே ஜொயின்டைத் திரும்ப மாட்டி அனுப்பிவிட்டார். மெக்கானிக்கை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொல்லவும் இல்லை, நான் குனிந்து பார்க்கவும் இல்லை. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் முதல் நாள் காலையில், பத்தொன்பதாவது வளைவில், குண்டு கழன்று சக்கரம் கால் முறிந்த ஆடு மாதிரி வெளியே சாய்ந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. பிள்ளைகள் இறங்கிக் குறுக்குப் பாதையில் ஓடினார்கள். மற்றவர்கள் எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பெண் பிள்ளை மட்டும் ஓட்டத்தில் விழுந்து, முழங்கால் சிராய்ந்து, சேலைத் துணியில் கட்டுப் போட்டுக்கொண்டு பிந்திப் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு எழுதியது அவளுக்குச் சரியாக வரவில்லை. அதன் பிறகு எழுதியதும் வரவில்லை. அந்த முறை அவள் சித்தியடையவில்லை.

அவளுடைய அம்மாவும் நானும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

இந்த வருஷம் அந்தப் பிள்ளை மறுபடியும் எழுதுகிறாள். பரீட்சை திங்கட்கிழமை தொடங்குகிறது. அவளோடு சேர்த்து ஏழு பிள்ளைகளைக் கொட்டகலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள் நான். வேனோ வியாழக்கிழமை டிக் டிக் என்கிறது.

பாஸுக்குப் போன் பண்ணினேன். அவர் சிங்களவர், ஆனால் எங்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகவே பேசுவார், 'அம்மா' என்பதற்கு மட்டும் சிங்களத்தில் 'நோனா' என்பார்.

"நோனா, செவ்வாய்க்கிழம கொண்டு வாங்க. அதுக்கு முந்தி இடம் இல்ல," என்றார். "கவட்டை போட்டா அஞ்சு நிமிசம்."

"கவட்டை வேணாம் பாஸ். ஜொயின்ட் நல்லா இருக்கு. போன வருசம் அது கழண்ட பிறகுதானே புதுசாப் போட்டது."

"கவட்டை இல்லாட்டி அது கழறாது."

"நானே கழட்டிக்கிறேன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்புதான். "கவட்டை இல்லாம நோனா அதக் கழட்டினா, நான் லயத்துக்கே வந்து, கழட்டின சாமானக் கேட்டு வாங்கிட்டுப் போறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை மெதுவாக உருட்டி ஒரு நாளை ஓட்டினேன். சாயங்காலம் மேக்கணக்கில் பிள்ளைகளை இறக்கும்போது அந்த அம்மா லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்றாள். சத்தம் அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"அக்கா, திங்கக்கிழம நான் பெரட்டுக்குப் போகல," என்றாள். பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம். அங்கே போகாவிட்டால் அன்றைய நாள் போச்சு. "நானும் வேன்ல வர்றேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். பரீட்ச முடியுமட்டும் கூட வர்றேன்."

சும்மா இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேன் நின்றால் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு வருகிறாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் வேலையைத் தொடங்கினோம். 'தொடங்கினோம்' என்று சொல்வதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவர் கவ்வாத்துக்காரர், அதாவது தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற ஆள். அந்த வேலையில் தோட்டத்திலேயே அவருக்குப் பேர் உண்டு. கவ்வாத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு கிளைக்கு ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு விழுந்தால் கட்டை பிளக்கும், பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கிச் செடி செத்துப்போகும். இருபது வருஷமாக ஒரே வெட்டில் காரியத்தை முடித்துப் பழகிய மனுஷனுக்கு, உலகத்தில் எதுவும் ஒரே வெட்டில் முடியும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கல்யாணம் பேசும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றியாயிற்று. பால் ஜொயின்டின் நட்டையும் தளர்த்தினேன். கவட்டைக்குப் பதில் வேறு சாமான் வாங்க வேண்டும், அளவெடுக்க ஒரு குச்சி எடுத்து வருகிறேன் என்று எங்கள் லயத்து அறையான காம்பராவுக்குள் போனேன். திரும்பி வருவதற்குள் பின்னால் ஒரு சத்தம். டங்.

ஓடி வந்து பார்த்தால், நட்டை முழுசாகக் கழற்றி வைத்துவிட்டு, ஆணியின் தலையிலேயே சுத்தியலால் ஒன்று போட்டிருக்கிறார். ஆணி அசையவில்லை. தலை மட்டும் பூப்போல விரிந்துவிட்டது. நட்டு ஏறுகிற புரி நசுங்கிவிட்டது.

"என்னங்க செஞ்சீங்க?"

"ஒரே போடுல வந்துரும்னு பாத்தேன்."

"இது தேயில இல்ல."

"அதான் இப்ப தெரியுதே," என்றார், சுத்தியலை என் பக்கம் நீட்டிக்கொண்டு.

நான் கத்தினேன். பக்கத்துக் காம்பராவில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிற அளவுக்குக் கத்தினேன். இரண்டாவது அடி அடித்துவிடாதீர்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, குச்சியில் அளவு குறித்துக்கொண்டு ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறினேன்.

அந்தக் குச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்கள் செடியின் மேல்மட்டம் ஏறி இறங்காமல் இருக்க, ஒரு மட்டக்கம்பைச் செடிமேல் வைத்துப் பார்த்துப் பறிப்போம். கம்புக்கு மேலே நிற்பது நம்முடையது, கீழே இருப்பது செடியினுடையது. ஒன்பது வருஷம் கம்பால் உலகத்தை அளந்தவள் நான். ஆகவே ஒரு தேயிலைக் குச்சியை ஜொயின்ட் பக்கத்தில் நிறுத்தி, ஆணியின் தலை வருகிற இடத்தில் ஒரு வெட்டு, சக்கர இரும்பின் அடி வருகிற இடத்தில் ஒரு வெட்டு, ஆணியின் அகலத்துக்கு ஒரு வெட்டு என்று மூன்று அடையாளம் போட்டிருந்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் பஸ்ஸில் குச்சியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன். அதில் ஒரு அளவு விட்டுப்போனது கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

கடைக்காரர் முஸ்லிம். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, தண்ணீர்க் குழாய், வண்டிச் சாமான் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடக்கிற கடை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த கவட்டையைத்தான் முதலில் எடுத்தார்.

"எல்லாரும் இதத்தான் கொண்டு போறாங்க தங்கச்சி."

"அதனாலதான் எனக்கு வேணாம் நானா."

அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு, மேல் தட்டிலிருந்து நான்கு சாமானை இறக்கி மேசையில் வைத்தார். இதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. 'உங்களுக்கு எதற்கு இதெல்லாம்' என்று கேட்கவில்லை.

முதலாவது ஒரே வார்ப்பாக வளைந்த இரும்பு. ஒரு பக்கம் வாய், மறுபக்கம் மேலிருந்து இறங்கும் ஒரு பெரிய போல்ட். வாயை ரப்பருக்கு மேலே செருகி, போல்ட்டை முறுக்கினால் அது ஆணியின் தலையை அமுக்கிக் கீழே தள்ளும். என் குச்சியை வைத்துப் பார்த்தேன். ஆணியின் தலைக்கும் வாய்க்கும் நடுவில் இடம் போதவில்லை. அது சின்னக் கார்களுக்கானது. இரண்டாவது அதே மாதிரி, லொறிக்கானது. குச்சி உள்ளே போய்க் காணாமல் போனது.

மற்ற இரண்டும் கத்தரி மாதிரி. இரண்டு கை, நடுவில் ஒரு அச்சு. பின்பக்கத்தில் போல்ட்டை இறுக்கினால் முன்பக்கத்து வாய் மூடும். அச்சை இரண்டு துளைகளில் மாற்றிப் போட்டு வாயைப் பெரிதாக்கலாம், சின்னதாக்கலாம். ஒன்று வெள்ளிப் பாத்திரம் மாதிரிப் பளபளத்தது. இன்னொன்று கறுத்து, சொரசொரவென்று, பார்க்கவே பிடிக்காமல் இருந்தது. என் கை தானாகப் பளபளப்பை எடுத்தது.

"மினுக்குறத வைங்க," என்றார் நானா. "அது வார்ப்பு. ஓரத்துல கோடு தெரியுது பாருங்க, அச்சு ரெண்டும் சேர்ந்த எடம். பிடிவாதமான ஜொயின்ட்ல வச்சி இறுக்கினா அது கழறாது, இது ஒடியும். கறுத்தது அடிச்சி செஞ்ச இரும்பு."

அடித்துச் செய்த இரும்பு என்றால் எனக்குப் புரியும். கவ்வாத்துக் கத்தியும் அப்படித்தான். நல்லதை என் வீட்டுக்காரர் பளபளப்பைப் பார்த்து வாங்கமாட்டார், முதுகைத் தட்டிச் சத்தம் கேட்டு வாங்குவார். கறுத்ததை எடுத்து மேசை விளிம்பில் தட்டினேன். நல்ல சத்தம். குச்சியின் மூன்று வெட்டும் அதற்குச் சரியாகப் பொருந்தின. கட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இடுக்கு எவ்வளவு?" என்றார் நானா.

"எந்த இடுக்கு?"

"ரப்பருக்கும் மேல இருக்கிற இரும்புக்கும் நடுவுல. இந்த வாய்ப் பல்லு அதுக்குள்ளதானே போகணும்? பல்லு தடிப்பா இருந்தா ரப்பரக் கிழிச்சிட்டுத்தான் உள்ள போகும். அப்ப கவட்டைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்கு முகம் சுட்டது. எல்லாவற்றையும் மேலிருந்து கீழே அளந்தவள், நடுவில் இருந்த இடுக்கை அளக்கவில்லை. கொழுந்துக்காரியின் புத்தி. மட்டத்துக்கு மேலே நிற்பதைத்தான் கண் பார்க்கும்.

வீட்டுக்குப் போன் பண்ணினேன். "என்னங்க, அந்த ரப்பருக்கு மேல இடுக்கு எவ்வளவு இருக்குனு பாருங்க."

"எதால அளக்க?"

"கையில என்ன இருக்கு?"

வண்டிக்கு அடியில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார், "கவ்வாத்துக் கத்தி முதுகு சரியாப் போகுது புள்ள. ரப்பருல படாமப் போகுது. அதுக்கு மேல போகாது."

இதை நான் நானாவிடம் சொன்னேன். வேறு ஊர்க் கடைக்காரராக இருந்தால் என்னை விநோதமாகப் பார்த்திருப்பார். நானா எழுந்து போய், சுவரில் தொங்கிய புதுக் கவ்வாத்துக் கத்தி ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார். கத்தியின் முதுகையும் சாமானின் பல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தோம். மினுக்குகிற சாமானின் பல் கத்தியை விட நன்றாகவே தடிப்பு. கறுத்ததன் பல் நுனியில் மெலிந்து, கத்தி முதுகுக்கு நூல் அளவு உள்ளேயே நின்றது.

"உங்க வீட்டுக் கத்தி பழசா?"

"பழசு. தோட்டத்துல குடுத்தது."

"அந்தக் காலத்துக் கத்தின்னா இதவிடத் தடிப்பாத்தான் இரிக்கும். தாராளமாப் போகும்." துணியால் துடைத்துக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். "மூணு விசயம். போல்ட்டுப் புரிக்குக் கிரீஸ் போடாம இறுக்காதீங்க. நட்ட முழுசாக் கழட்டாதீங்க, நுனியில ரெண்டு புரி இரிக்கட்டும், இல்லாட்டி விடுபடுறப்போ எல்லாம் பறக்கும். இறுக்கின பிறகு அவசரப்படாதீங்க."

இரண்டாவது விஷயத்தைக் கேட்டதும் எனக்கு வீட்டில் பூத்துக் கிடக்கும் ஆணித் தலை ஞாபகம் வந்தது. நட்டு அதில் ஏறினால்தானே இரண்டு புரி இருக்கட்டும் என்று விட முடியும்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரரை மனசுக்குள் இன்னொரு சுற்றுத் திட்டி முடித்தேன்.

வந்து பார்த்தால் மனுஷன் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். கத்தி தீட்டுகிற அரத்தால், நசுங்கிய ஆணித் தலையைச் சுற்றிச் சுற்றி ராவிக்கொண்டிருந்தார். நான் போனதிலிருந்து அதே வேலைதானாம். விரிந்த பூ முழுசாகப் போயிருந்தது. புரியின் பள்ளங்களைக்கூட அரத்தின் ஓரத்தால் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டிருந்தார். நட்டை வைத்துத் திருப்பினேன். முதலில் முரண்டு பிடித்தது, பிறகு ஏறியது.

"கோவம் போச்சா?" என்றார்.

"பாதி."

கறுத்த சாமானின் வாயை இடுக்கில் செருகினேன். கத்தி முதுகு போன வழியில் அதுவும் போனது, ரப்பர் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. புரிக்குக் கிரீஸ் தடவி, ஸ்பானரை வைத்து இறுக்க ஆரம்பித்தேன். சுலபமாக வந்தது, பிறகு கஷ்டமாக வந்தது, பிறகு இரண்டு கையாலும் தொங்கினால்தான் வந்தது. சாமானின் இரண்டு கையும் விறைத்து நின்றன. ஆணி அசையவில்லை.

இன்னும் கால் சுற்று. அசையவில்லை.

மூடுபனி மலையிலிருந்து இறங்கி லயத்துக் கூரையைத் தொட்டது. தேத்தண்ணி ஊற்றிக் குடித்தோம். அரை மணி நேரம் கழித்து வந்து இன்னும் அரைக்கால் சுற்று இறுக்கினேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. இதற்கு மேல் இறுக்கினால் புரி போகும். சாமானும் போய், ஜொயின்டும் போய், திங்கட்கிழமையும் போய்விடும். அந்த அம்மா லயத்து வாசலில் நின்றது கண்முன்னால் வந்தது. கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப ஒன்னு போடவா?" என்றார் அவர் மெதுவாக.

வேண்டாம் என்று சொல்லப்போனவள் நிறுத்தினேன். காலையில் அவர் அடித்தது தப்பு. ஆனால் அடித்தது தப்பில்லை, அடித்த இடம்தான் தப்பு. ஆணியை அடிக்கக் கூடாது. ஆணி உட்கார்ந்திருக்கிற துளையின் பக்கவாட்டில், அந்தக் கனமான இரும்புக் காதில் அடிக்க வேண்டும். போனில் பார்த்த வீடியோக்களில் அப்படித்தான் செய்தார்கள், சும்மா அடித்து அடித்து மாய்ந்தார்கள். எங்களுக்கோ ஆணி ஏற்கெனவே முழு இழுப்பில் நிற்கிறது. ஒரு அதிர்ச்சிதான் பாக்கி.

வேனுக்குள் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன சோக்குத் துண்டு ஒன்றை எடுத்து வந்தேன். துடைத்துவிட்டு, இரும்புக் காதின் பக்கவாட்டில் ஒரு பொட்டு வைத்தேன்.

"இந்தப் பொட்டு மேல. ரப்பருல படக் கூடாது, சாமானுல படக் கூடாது. ஒன்னுதான்."

"நான் என்னைக்கு ரெண்டு வெட்டி இருக்கேன்?"

புது மலையில் கவ்வாத்துத் தொடங்குகிற அன்று கத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவர் வழக்கம். அன்றைக்குச் சுத்தியலை ஒற்றிக்கொண்டார். கால் இரண்டையும் அகட்டிக் குந்தி, கையை அதிகம் ஓங்காமல், மணிக்கட்டிலிருந்து ஒரே அடி.

திருவிழாவில் வேட்டுப் போட்டதுபோல ஒரு சத்தம். சாமான் துள்ளியது, ஆணி துளையை விட்டு இறங்கி நட்டில் பிடித்துக்கொண்டு நின்றது. லயத்து நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. பக்கத்துக் காம்பராவில் ரேடியோ ஒரேயடியாக நின்று, ஆட்கள் வெளியே வந்தார்கள். நான் வண்டிக்கு அடியில் தலையை விட்டு டோர்ச் அடித்து ரப்பரைப் பார்த்தேன். சுற்றி ஒரு கீறல் கூட இல்லை. சோக்குப் பொட்டு சரியாக நடுவில் நசுங்கியிருந்தது.

நான் அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மேக்கணக்கு முழுவதையும் ஒற்றை ஆளாகக் கவ்வாத்துப் பண்ணி முடித்தவர் மாதிரி நின்றார். அன்றைக்கு அவர் அப்படி நின்றதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலுக்குள் பழைய எக்ஸலை இழுத்துப் போட்டு, கட்டிலுக்கு அடியில் கிடந்ததை மாட்டி, கியர் ஒயில் ஊற்றி, எல்லா நட்டையும் இரண்டு தரம் இறுக்கியாயிற்று. மேக்கணக்கு வரை ஏறி, மெயின் ரோடு வரை இறங்கித் திரும்பினோம். முப்பத்தொரு வளைவிலும் மௌனம்.

அந்தச் சாமானின் பிற்காலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாசம் கழித்து ஒரு நாள் பாஸ் மோட்டார் சைக்கிளில் லயத்து வாசலுக்கு வந்து நின்றார். யாரோ ஒருவரின் புதுக் கார், ரப்பர் கிழியக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். "நோனா, சொன்ன மாதிரியே வந்துட்டேன்," என்றார், சிரித்துக்கொண்டு. இந்த முறை அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. தருகிறேன், ஆனால் அதைத் திருப்பிக் கொண்டுவரும் வரைக்கும் உங்கள் கவட்டை என் வீட்டில் இருக்கட்டும் என்றேன். சாமான் மறுநாளே வந்துவிட்டது. கவட்டையை அவர் திரும்பக் கேட்கவில்லை. எங்கள் கோழிக்கூட்டின் கதவுக்கு இப்போது அதுதான் முட்டு.

திங்கட்கிழமை விடியற்காலையில் மேக்கணக்குக்கு ஏறினேன். பனியில் ஏழு பிள்ளைகளும் தலையில் எண்ணெய் தடவிப் படிய வாரிக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாவும் நின்றாள், வேலைச் சேலை இல்லாமல் நல்ல சேலையில். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவுப் பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்தாள். மகள் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து குறிப்புக் கொப்பியைத் திறந்தாள்.

வளைவுகளை எண்ணிக்கொண்டு இறங்கினேன். ஒன்று, இரண்டு, பத்து. பிள்ளைகள் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி வந்தார்கள், அது எனக்குத் தெரிந்தது. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பதாவது வளைவு வந்தபோது அந்த அம்மாவின் விரல்கள் பிடியில் வெளுத்துப் போயின. வலப்பக்கம் முழுசாக ஒடித்தேன். சக்கரம் வழுக்காமல், முனகாமல், சொன்ன பக்கம் திரும்பியது. அந்த அமைதியில் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது. மகள் வாய்க்குள் பாடத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். போன வருஷம் வேன் சாய்ந்த இடம் கடந்து போனதை அவள் கவனிக்கவே இல்லை.

கொட்டகலையில் பரீட்சை மண்டபத்தின் கேட் இன்னும் திறக்கவில்லை. முதலில் வந்த வண்டி எங்களுடையது. பிள்ளைகள் இறங்கி மதிலோரம் நின்றார்கள். அந்த அம்மா மகளின் அடையாள அட்டையையும் பேனைகளையும் ஒரு தரம் எடுத்துப் பார்த்து, திரும்ப அவள் கையில் கொடுத்து, நெற்றியில் திருநீற்றைச் சரி பண்ணிவிட்டாள். பிறகு என் ஜன்னல் பக்கம் வந்தாள். வருகிற வழியில் பேசாதவள், அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள், "நாளைக்கு நான் பெரட்டுக்குப் போறேன். புள்ளைய நீங்களே கூட்டிட்டு வந்துருங்க."